டெல்லிக் குளிரில் காலையில் சாய்ந்து கிடக்கும் பழைய கேரவன்: கசிவை அடைப்பதா, பெல்லோவை மாற்றுவதா, கமான் பட்டைக்குப் போவதா?

டிசம்பர் பாதி தாண்டினால் போதும், துவாரகாவிலிருந்தோ மயூர் விஹாரிலிருந்தோ நம்ம ஆட்கள் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். "சார், ராத்திரி நேராக நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்து கிடக்கிறது. மெக்கானிக் மத்தியானம் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். ஏர் சஸ்பென்ஷனே வேண்டாம் என்று கழற்றிப் போட்டுவிட்டு கமான் பட்டை வைத்துவிடலாமா?"

அவசரப்பட வேண்டாம். பழைய சொகுசுப் பஸ்ஸை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்து கேரவனாக்கியவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். கசியும் இடத்தை மட்டும் அடைப்பது, பெல்லோ எனப்படும், வண்டியின் எடையைத் தாங்கும் ரப்பர் காற்றுப்பைகளோடு எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவது, காற்றே வேண்டாம் என்று கமான் பட்டை எனப்படும் இரும்பு லீஃப் ஸ்பிரிங்குக்குப் போவது. நாலாவதாக ஒன்றை யாரும் சொல்வதில்லை, ஆனால் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்: ஒன்றும் செய்யாமல் குளிர்காலத்தை ஓட்டிவிடுவது. நான்கையும் எடை போடுவோம்.

## முதலில், அது கசிவுதானா?

குளிரில் காற்று சுருங்கும். மாலை 20 டிகிரியில் நிறுத்திய வண்டி விடிகாலை 4 டிகிரிக்குப் போனால், காற்று டேங்க்கின் அழுத்தம் காட்டும் கேஜ் 8 பாரிலிருந்து 7.5-க்கு இறங்குவது வெறும் இயற்பியல், அதில் கசிவு எதுவும் இல்லை. பெல்லோவில் கணக்கு கொஞ்சம் வேறு. மேலே இருக்கும் எடை மாறாததால் உள்ளே அழுத்தமும் அப்படியே இருக்கும், கொள்ளளவுதான் குறையும். அதாவது வண்டி ஒரு விரல் அகலம் இறங்கும், நான்கு மூலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில். இதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஒரு மூலை மட்டும் கை அகலம் இறங்குகிறது, அல்லது டேங்க் காலையில் காலியாகக் கிடக்கிறது என்றால் கசிவுதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் வயதான ரப்பர். ட்யூபை இணைக்கும் ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வருஷக்கணக்கில் நசுங்கி, திரும்ப உப்பும் சக்தியை இழந்திருக்கும். வெயிலில் எப்படியோ ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடித்துவிடும். குளிர்ந்ததும் ரப்பர் இறுகிவிடுகிறது, பித்தளையைவிடப் பல மடங்கு அதிகமாகச் சுருங்கவும் செய்கிறது, ஓரத்தில் தலைமுடி அளவு இடைவெளி விழுந்துவிடும். பத்து மணிக்கு வெயில் ஏறினால் அது தானாக மூடிக்கொள்ளும். உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, அவர் வந்த நேரம்தான் தப்பு.

அதனால் சோதனையை விடியும் முன்பே செய்யுங்கள். முந்தின இரவு டேங்க்கை நிரப்பி, நான்கு சக்கர வளைவுகளிலும் தரையிலிருந்து உயரத்தை அளந்து சாக்பீஸால் எழுதிவிடுங்கள். காலையில் எஞ்சினைத் தொடாமல் மறுபடி அளந்து பாருங்கள். இறங்கிய மூலையில் ஃபிட்டிங், ட்யூப், லெவலிங் வால்வு (வண்டியின் உயரத்துக்கு ஏற்பப் பெல்லோவில் காற்றைக் கூட்டிக் குறைப்பது), பெல்லோவின் மேல் தட்டு என்று ஒவ்வொன்றாக ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்தால் நுரை இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். டேங்க் காலியாகியிருந்தால் நுரை வராது. அப்போது அந்தக் குளிரிலேயே எஞ்சினை ஓட்டிக் காற்றை ஏற்றி அணைத்துவிட்டுத் தெளிக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன்: பெல்லோவை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். காற்று போனால் பஸ் நொடியில் இறங்கும், அடியில் ஆள் படுக்க இடம் மிஞ்சாது.

நுரையில் பிடிபடவில்லையா? இறங்கும் மூலையில் பெல்லோவுக்குப் போகும் ட்யூபுக்கு நடுவே ஒரு சின்ன பால் வால்வு வைத்து, இரவில் மூடிவிடுங்கள். காலையில் மூலை நின்றிருந்தால் குற்றவாளி லெவலிங் வால்வோ அதற்கு முன்னால் உள்ள குழாயோதான். அப்படியும் இறங்கியிருந்தால் பெல்லோ அல்லது அதன் ஃபிட்டிங். இன்னொரு குறிப்பு: பெரும்பாலான பஸ்களில் பின்பக்கம் பக்கத்துக்கு ஒரு லெவலிங் வால்வு இருக்கும், முன்பக்கம் இரண்டு பெல்லோவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. முன்பக்கம் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தால் கசிவது ஒரு பெல்லோவாகவே இருக்கலாம், இரண்டும் கெட்டுவிட்டது என்று நினைத்து வாங்கப் போய்விடாதீர்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை. முக்கியமான வரிசையில் சொல்கிறேன்.

பிரேக். பஸ்ஸில் பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஒரே கம்ப்ரஸரின் காற்றைத்தான் குடிக்கின்றன. நடுவே பாதுகாப்பு வால்வு இருந்து, சஸ்பென்ஷன் காலியானாலும் பிரேக் டேங்க்கைக் காப்பாற்றும், அது வேலை செய்கிறவரை. இருபது வருஷப் பழைய வண்டியில் அதைச் சோதிக்காமல் நம்பக் கூடாது.

எங்கே ஓட்டப் போகிறீர்கள். டெல்லியில் ஜனவரி விடிகாலை 3, 4 டிகிரி, மோசமான வருஷத்தில் 1 டிகிரி வரை இறங்கும். ஹரித்துவார், ஜெய்ப்பூர் என்று சுற்றுகிறவருக்கு அவ்வளவுதான் குளிர். குளிர்காலத்தில் நார்க்கண்டா, மணாலி என்று ஏறுகிறவருக்குப் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அங்கே ரப்பர் மட்டுமில்லை, குழாய்க்குள் தேங்கிய தண்ணீரும் உறைந்து வால்வை அடைத்துவிடும்.

வண்டிக்கு எவ்வளவு காலம் பாக்கி. டெல்லியில் இருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் ஒரு தளர்வு வந்தது, டிசம்பரில் அது பிஎஸ்-4 புகை வரம்புக்கும் அதற்குப் பிந்தைய வரம்புகளுக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. போதாததற்கு, சஸ்பென்ஷன் கசியும் அதே குளிர்மாதங்களில்தான் காற்று மாசு ஏறி, பழைய டீசல் வண்டிகளை வெளியே எடுக்கத் தடை வருகிறது. பேப்பர் நிலைமை தெரியாமல் லட்ச ரூபாயைச் சக்கரத்துக்கு மேலே கொட்டாதீர்கள்.

வழியில் நின்றால் யார் பார்ப்பார்கள். அப்புறம் பணம். அதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இந்த வேலையில் பில்லில் தெரியும் தொகையைவிடத் தெரியாத தொகைதான் பெரியது.

## வழி 1: கசியும் இடத்தை மட்டும் அடைப்பது

பாதிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். ஓ-ரிங், புஷ்-இன் ஃபிட்டிங், கொஞ்சம் நைலான் ட்யூப், தேவைப்பட்டால் ஒரு லெவலிங் வால்வு. எல்லாமே காஷ்மீரி கேட் மார்க்கெட்டில் ஒரு காலைப்பொழுதில் வாங்கிவிடலாம்.

பல சமயம் ஒன்றுமே வாங்க வேண்டியிருக்காது. நைலான் ட்யூபின் முனையில் ஃபிட்டிங்கின் பல் கடித்த கீறல் இருக்கும், காற்று அந்தக் கீறல் வழியாகத்தான் போகும். முனையில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகினால் சரியாகிவிடும். வெட்டுவதற்கு ட்யூப் கட்டர் வேண்டும். ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் முனை கோணலாகிப் பிசிர் நிற்கும், செருகும்போது அந்தப் பிசிர் புது ஓ-ரிங்கைக் கிழித்துவிடும். வெள்ளை டெஃப்லான் டேப்பையும் தவிர்ப்பது நல்லது. அதன் துணுக்குகள் பிய்ந்து போய் லெவலிங் வால்வின் சின்ன ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும், இல்லாத புதுக் கசிவு ஒன்று அங்கே பிறக்கும்.

இதோடு, காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜையும் மாற்றிவிடுங்கள். கேரவன்காரர்கள் அதிகம் அலட்சியம் செய்யும் பாகம் இதுதான், வருஷத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர்தானே ஓடுகிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் வயதானாலும் சாகும். டேங்க்கின் அடித் திருகைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கொட்டினால் டிரையர் போய்விட்டது, எண்ணெய் கலந்த பழுப்புக் குழம்பு வந்தால் கம்ப்ரஸரும் போய்க்கொண்டிருக்கிறது. மலையில் குழாய் உறையாமலிருக்க ஸ்பிரிட் ஊற்றச் சொல்லும் பழைய டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரையர் வருவதற்கு முந்தைய காலத்து வழக்கம் அது. டிரையர் உள்ள வண்டியில் ஊற்றினால் மணிகளும் கெடும், சீல்களும் கெடும்.

மறைந்திருக்கும் செலவு: துரத்தல். ஒரே வயதுடைய முப்பது ஓ-ரிங்குகளில் ஒன்றை மாற்றினால் அடுத்த பலவீனமான ஒன்று அடுத்த குளிரில் வாயைத் திறக்கும். அதனால் ஒரு மூலையைத் திறந்தால் அந்த மூலையின் எல்லா ஓ-ரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பாகத்துக்கு ஆவது டீச்செலவு, கூலிதான் கனம்.

பெல்லோ ரப்பர் நன்றாக இருக்கிறது, ஒன்றிரண்டு மூலைதான் இறங்குகிறது, வண்டியின் பேப்பர் எதிர்காலம் சந்தேகம் என்றால் யோசிக்காமல் இதைச் செய்யலாம்.

## வழி 2: பெல்லோ, வால்வு, குழாய் எல்லாம் புதிது

பெல்லோவின் மடிப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான மெல்லிய வெடிப்பு வயசின் அடையாளம், அதை வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டலாம். வெடிப்புக்குள் நூல் இழை தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்றியாக வேண்டும். ஒரே ஆக்சிலில் இருப்பவற்றை ஒன்றாக மாற்றுங்கள், ஒரு பக்கம் புதிது ஒரு பக்கம் கிழடு என்று வைக்காதீர்கள்.

வருஷத்தில் பத்து மாதம் நின்றே கிடக்கும் கேரவன்களுக்கு இது சீக்கிரம் வரும். ஓடுகிற பஸ்ஸின் பெல்லோ உழைத்துத் தேய்கிறது. நிற்கிற வண்டியின் பெல்லோவோ காற்றிழந்து, ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்து, அந்த மடிப்பிலேயே வெடிக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது தயாரித்த தேதி. ரப்பர் மேல் அச்சிட்டிருக்கும். பெட்டி பிரிக்காத புதுசு என்று கடைக்காரர் சத்தியம் செய்வார், அலமாரியில் அது ஆறு வருஷம் தூங்கியிருக்கும். மாயாபுரியில் கழித்த வண்டிகளிலிருந்து கழற்றிய பெல்லோ மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். பிராக்கெட், தட்டு, இரும்புச் சாமான்கள் அங்கே வாங்கலாம், ரப்பர் வேண்டாம்.

பொருத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடை ஏறாமல் தொங்கும் பெல்லோவுக்கு முழு அழுத்தம் கொடுத்தால் கழன்று தெறிக்கும். கொஞ்சம் காற்று கொடுத்து, மடிப்பு ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே வண்டியை ஜாக்கியிலிருந்து மெல்ல இறக்க வேண்டும். இது தெரியாத பட்டறையில் கொடுத்தால் புதுப் பெல்லோ முதல் நாளே கோணலாக மடியும்.

மறைந்திருக்கும் செலவு: துருப்பிடித்த போல்ட்டுகள். பழைய பெல்லோவைக் கழற்றும்போது பாதி போல்ட் முறியும், பெல்லோ உட்காரும் இரும்புத் தட்டு அரித்துப்போயிருப்பது அப்போதுதான் தெரியும், வெல்டிங், பெயின்ட் என்று வேலை இரண்டு நாளிலிருந்து வாரத்துக்கு நீளும். மதிப்பீடு வாங்கும்போதே இதற்கு ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள்.

இமாச்சல் குளிர் உங்கள் திட்டத்தில் இருந்தால், வண்டியின் பேப்பர் இன்னும் பல வருஷம் செல்லுபடியாகும் என்றால், இதுதான் சரியான வழி. அமெரிக்காவில் 1973 முதல் 1978 வரை ஜிஎம்சி தயாரித்த மோட்டார்ஹோமை இன்றும் ஓட்டுகிறவர்கள் இதே பாதையில்தான் போகிறார்கள். அதில் பின்பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பக்கத்துக்கு ஒரே ஒரு காற்றுப்பைதான் வரும். பலர் அதைச் சக்கரத்துக்கு ஒன்று என்று நாலு பையாக மாற்றிக்கொண்டார்களே தவிர, காற்றைக் கைவிடவில்லை.

## வழி 3: காற்றே வேண்டாம், கமான் பட்டை

கேட்கும்போது எவ்வளவு நிம்மதி! கசிவதற்கு ஒன்றுமே இருக்காது. சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் கமான் பட்டை வேலை தெரியாத பட்டறையே கிடையாது, மலைப்பாதை தாபா பக்கத்திலும் ஆள் கிடைக்கும். இந்த ஒரு அளவுகோலில் இதை எதுவும் ஜெயிக்க முடியாது.

மற்ற எல்லாவற்றிலும் தோற்கும். காற்றில் நிற்கும் பஸ்ஸின் சேசிஸ், எடை பெல்லோ உட்காரும் இடத்தில் விழும் என்று கணக்கிட்டுச் செய்தது. கமான் பட்டையின் எடை அதற்கு முன்னும் பின்னும் உள்ள தாங்கிகளில் விழும், அங்கே சேசிஸுக்கு அந்த பலம் இல்லாமலிருக்கலாம். விரிசல் அன்றைக்கே வராது, இரண்டு வருஷம் கழித்து வரும். உள்ளே இருப்பது சீட் மட்டுமா? சமையல் அலமாரி, தண்ணீர்க் குழாய், கேஸ் இணைப்பு எல்லாம் அந்த முரட்டு ஆட்டத்தில் கழன்று வரும். கேஸ் இணைப்பு தளர்வது எனக்கு இதில் மிகப் பெரிய கவலை. தண்ணீர் டேங்க் இருக்கும் பக்கம் வண்டி நிரந்தரமாகச் சாய்ந்தும் நிற்கும், சரிசெய்ய லெவலிங் வால்வு இருக்காது.

சட்டமும் ஒத்துழைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஒன்றுதான்: தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கை வைப்பது இங்கேதான்.

இது பொருந்தும் இடம் ஒன்று உண்டு. சில வண்டிகள் கமான் பட்டையோடு பிறந்து, பின்னால் யாரோ உதவிக்குக் காற்றுப்பை சேர்த்திருப்பார்கள். அதில் பையைக் கழற்றுவது பழைய நிலைக்குத் திரும்புவதுதான், தாராளமாகச் செய்யலாம்.

## வழி 4: ஒன்றும் செய்யாமல் ஓட்டுவது

காலையில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டால் வண்டி நிமிர்ந்துவிடுகிறது, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பவர்களுக்காக இது.

பிரச்சினை டிரையரில் ஆரம்பிக்கும். டேங்க் நிரம்பி கம்ப்ரஸர் ஓய்வுக்குப் போகும்போதுதான் டிரையர் தன் ஈரத்தை 'புஸ்' என்று வெளியே துப்பும். கசிவு பெரிதானால் டேங்க் நிரம்பவே நிரம்பாது, கம்ப்ரஸர் ஓய்வெடுக்காது, டிரையர் துப்பாது. ஈரம் உள்ளே சேரும். ஓயாமல் ஓடும் கம்ப்ரஸர் சூடாகி எண்ணெயையும் சேர்த்துத் தள்ளும், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், கசிவு இன்னும் பெரிதாகும். இரண்டு குளிர்காலத்தில் ஓ-ரிங் செலவு கம்ப்ரஸர் செலவாக வளர்ந்து நிற்கும். இதற்கிடையில் அழுத்தம் குறைவாக இருக்கும்போதே அவசரப்பட்டு வண்டியை எடுத்தால், காற்று குறைந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே வரும்.

சின்னக் கசிவு, வண்டி குளிர்காலம் முழுக்க நிற்கத்தான் போகிறது என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. மேலே சொன்ன பால் வால்வுகளை நிரந்தரமாக வைத்து நிறுத்தும்போது மூடிவிடலாம், சேசிஸை ஸ்டாண்டில் ஏற்றி பெல்லோ நசுங்காமல் பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் வால்வுகளைத் திறந்தே ஆக வேண்டும். மறக்காமலிருக்க சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுங்கள். 24 வோல்ட் சின்ன கம்ப்ரஸர் வைத்துக் காற்றை நிரப்பிக்கொண்டே இருப்பதை நான் சொல்ல மாட்டேன், குளிரில் ஏற்கெனவே தள்ளாடும் பேட்டரியை அது தின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| | அடைப்பது | முழுதும் புதிது | கமான் பட்டை | அப்படியே விடுவது |
|---|---|---|---|---|
| கைச்செலவு | குறைவு | அதிகம் | அதிகம் | இல்லை |
| மறைந்த செலவு | அடுத்தடுத்த கசிவு | முறியும் போல்ட், அரித்த தட்டு | சேசிஸ் விரிசல், இன்ஷூரன்ஸ் | டிரையர், கம்ப்ரஸர் |
| பிரேக் காற்று | பாதுகாப்பு | பாதுகாப்பு | பிரச்சினை இல்லை | ஆபத்து |
| டெல்லிக் குளிர் | போதும் | தேவைக்கு மேல் | தாங்கும் | நிறுத்திவைத்தால் மட்டும் |
| பூஜ்யத்துக்குக் கீழே | டிரையரும் புதிதானால் சரி | நல்லது | தாங்கும் | கூடவே கூடாது |
| பேப்பர் | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | சிக்கல் | சிக்கல் இல்லை |

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், இந்த வாரமே ஒரு விடிகாலையில் சாக்பீஸோடு கீழே இறங்குங்கள். அளவு கையில் இல்லாமல் பட்டறைக்குப் போனால் அவர்களுக்குத் தெரிந்த வேலையைத்தான் உங்கள் வண்டிக்கும் சொல்வார்கள். பெல்லோ விற்பவர் பெல்லோ என்பார், கமான் பட்டைக்காரர் கமான் பட்டை என்பார். ராத்திரி வண்டியை அங்கேயே விட்டு, காலை ஆறு மணிக்கு எஞ்சினைப் போடாமல் உங்களோடு நின்று பார்க்கச் சம்மதிக்கும் மெக்கானிக் கிடைத்தால், கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவரிடமே கொடுங்கள்.